வளர்ச்சிக் காரணி என்ன கத்தரிக்காயா, கூறு கட்டி விற்பதற்கு?



'வளர்ச்சிக் காரணி' என்னும் அறிவியல் சொல் இப்பொழுது நம் சந்தைக்கு வந்துவிட்டது. ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்குப் போக அச்சொல்லுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. நம் வீட்டு வரவேற்பறைக்கு வர ஒரேயொரு சொற்பொழிவு போதுமாயிற்று! ஒரு குப்பி நீர்மம், ஒரு பெட்டி மாத்திரை, ஒரு டப்பா முகப்பூச்சு என்று பல வடிவங்களில் வருகிறது. புலனக் குழுக்களில் படமாக வருகிறது. முகநூலில் காணொலியாக வருகிறது. தாமான் மண்டபத்தில் தேநீர் விருந்தோடு வருகிறது. பேச வந்தவர் கழுத்துப்பட்டை அணிந்திருக்கிறார். திரையில் உயிரணு ஒன்று அழகாகச் சுழல்கிறது. கேட்பவர்கள் வாய்பிளந்து நிற்கிறார்கள்.

அவர்கள் சொல்வதைத் தொகுத்துப் பார்த்தால் நான்கே செய்திகள்தாம்.

1. இது நோபல் பரிசு பெற்ற அறிவியல்.
2. இஃது உயிரணுக்களை வளரச் செய்யும். ஆகவே, பிள்ளையின் உயரம் தொடங்கி முழங்கால் வலி, நீரிழிவுப் புண், சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் வரை எல்லாவற்றுக்கும் நல்லது.
3. இது நம் உடலிலேயே உள்ள பொருள். ஆகவே, பக்கவிளைவு கிடையாது.
4. மருத்துவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்; சொன்னால் அவர்கள் பிழைப்பு போய்விடும்.

இந்நான்கில் முதலாவது உண்மை. அந்த ஓர் உண்மையை வாசலில் நிறுத்திவிட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் மூன்று பொய்களை உள்ளே நுழைக்கிறார்கள். முழுப் பொய்யை நம் மக்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மையோடு கலந்து வரும் பொய்தான் வீட்டைக் கெடுக்கிறது.

நான் மருத்துவன் அல்லன். தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியன். எந்த நிறுவனத்தின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. நேர்மையாக வணிகம் செய்து பிழைக்கும் எவர்மீதும் எனக்குப் பகை இல்லை. ஆனால், அறிவியலின் பெயரைச் சொல்லி நோயாளியின் பணப்பையில் கைவிடுகிறவர்களைக் கண்டும் வாய்பொத்தி இருப்பது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. ஆகவே, அவர்கள் காட்டும் அதே அறிவியலைக் கொண்டே அவர்களுக்கு மறுமொழி சொல்கிறேன்.

நோபல் பரிசு யாருக்கு? எதற்கு?

1938ஆம் ஆண்டில் முசோலினியின் இத்தாலி இனவெறிச் சட்டங்களை இயற்றியது. யூதர்கள் பல்கலைக்கழகப் பணியில் இருக்கக் கூடாது என்றாயிற்று. ரீட்டா லெவி மோண்டால்சினி என்னும் இளம் மருத்துவர் வேலையை இழந்தார். அவர் வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. தூரின் நகரத்தில் தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடம் ஆக்கிக்கொண்டார். தையல் ஊசிகளைத் தீட்டி அறுவைக் கருவிகளாக்கினார். கோழி முட்டைகளுக்குள் வளரும் கருவில் நரம்புகள் எப்படி வளர்கின்றன, எப்படி மடிகின்றன என்று ஆராய்ந்தார். வெளியே போர் நடந்துகொண்டிருந்தது.

போருக்குப் பின் 1947இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாசிங்டன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். சுண்டெலியின் ஒருவகைக் கட்டியைக் கோழிக் கருவில் வைத்தால் நரம்பிழைகள் அடர்ந்து வளர்வதைக் கண்டார். 1952இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில், கண்ணாடிக் கலத்துக்குள்ளேயே அதைச் செய்து காட்டினார். கட்டியின் அருகில் வைத்த நரம்பு முடிச்சைச் சுற்றி ஒரே நாளில் இழைகள் ஒளிவட்டம் போலக் கிளைத்தன. கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்து 'வளர்' என்று ஆணையிடுகிறது என்பது உறுதியாயிற்று. அதுவே நரம்பு வளர்ச்சிக் காரணி.

அப்பொருளைப் பிரித்தெடுக்க 1953இல் வந்து சேர்ந்தவர் உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோகன். அவர் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது எதிர்பாராத ஒன்றைக் கண்டார். பதின்மூன்றாம், பதினான்காம் நாளில் திறக்க வேண்டிய கண்ணிமைகள் ஏழாம் நாளிலேயே திறந்துவிட்டன! பற்களும் முன்னதாகவே முளைத்தன. நரம்பு வளர்ச்சிக் காரணிக்கும் கண்ணிமைக்கும் தொடர்பில்லையே என்று அவர் அதை ஒதுக்கிவிடவில்லை. அச்சாற்றில் வேறொரு பொருள் இருக்க வேண்டும் என்று தேடி, 1962இல் அதைப் பிரித்தெடுத்து வெளியிட்டார். அதுதான் மேல்தோல் வளர்ச்சிக் காரணி. இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது.

அன்பர்களே, இதில் கவனிக்க வேண்டியது என்ன? அந்தப் பரிசு ஒரு சத்து நீருக்குக் கொடுக்கப்பட்டதன்று. உயிரணுக்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்னும் அறிவுக்குக் கொடுக்கப்பட்டது. அந்த அறிவைப் படித்தால், மண்டபத்தில் பேசியவரின் மற்ற மூன்று செய்திகளும் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். படிப்போமா?

புரதம் ஏற்பியோடு பொருந்துவது எப்படி?

ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு மெல்லிய படலம் மூடியிருக்கிறது. வளர்ச்சிக் காரணி அப்படலத்தைத் துளைத்து உள்ளே போய்ச் செய்தி சொல்வதில்லை, வாசலிலேயே சொல்லிவிடுகிறது. அச்செய்தியை வாங்குவதற்கென்றே படலத்தில் பொருத்தப்பட்டிருக்கும் மற்றொரு புரதம்தான் 'ஏற்பி'. ஏற்பியின் ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நடுப்பகுதி படலத்தை ஊடுருவி நிற்கும். மறுபகுதி உயிரணுவுக்குள் இருக்கும்.

மேல்தோல் வளர்ச்சிக் காரணி 53 அமினோ அமிலங்கள் கோத்த சிறிய புரதம். அதன் ஏற்பியின் வெளிப்பகுதி நான்கு துண்டங்களால் ஆனது. காரணி வராத வேளையில் ஏற்பி மடங்கிக் கிடக்கும். இரண்டாம் துண்டத்தில் உள்ள 'கை' போன்ற பகுதி நான்காம் துண்டத்தோடு கோத்துக்கொண்டு மறைந்திருக்கும். காரணி வந்து முதலாம், மூன்றாம் துண்டங்களுக்கு நடுவே பொருந்தியவுடன் ஏற்பி நிமிர்கிறது. மறைந்திருந்த கை வெளியே நீள்கிறது. அவ்வாறே நிமிர்ந்து நிற்கும் இன்னோர் ஏற்பியின் கையைப் பற்றிக்கொள்கிறது. 2002, 2003ஆம் ஆண்டுகளில் வெளிவந்த படிகக் கட்டமைப்பு ஆய்வுகள் இதனைத் தெளிவாகக் காட்டின.

வெளியே கைகள் கோத்தால் உள்ளே என்ன நடக்கும்? இரண்டு ஏற்பிகளின் உட்பகுதிகளும் நெருங்கி வந்து ஒன்றையொன்று தூண்டும். அவற்றின் வால்களில் உள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலங்களில் பாஸ்பேட் ஒட்டப்படும். அதை அடையாளமாகக் கொண்டு வேறு புரதங்கள் வந்து சேரும். ஒன்று அடுத்ததை எழுப்ப, செய்தி கைமாறிக் கைமாறி உட்கருவை அடையும். உயிரணு பிரிந்து பெருகத் தொடங்கும். செய்தி சேர்ந்ததும் ஏற்பி உள்ளே இழுக்கப்பட்டுப் பெரும்பாலும் சிதைக்கப்பட்டுவிடும். ஆணை அத்தோடு முடிந்தது.

இதிலிருந்து நாம் மனத்தில் இருத்த வேண்டியவை மூன்று:

அ) வளர்ச்சிக் காரணி எல்லார்க்கும் பொதுவான ஊட்டச்சத்து அன்று, முகவரி எழுதிய கட்டளை. உரிய ஏற்பி உள்ள உயிரணுவுக்கு மட்டுமே அது கேட்கும்.
ஆ) மிகச் சிறிய அளவே போதும். 'நிறையக் குடித்தால் நிறைய நன்மை' என்பது இங்கே செல்லாது.
இ) கட்டளையைத் தொடங்குவது எத்துணை இன்றியமையாததோ, நிறுத்துவதும் அத்துணை இன்றியமையாதது.

மூன்றாவதை மறந்தால் என்ன ஆகும்? அதற்குப் பெயர்தான் புற்றுநோய்.

வளர்ச்சி எப்பொழுதும் வரமா?

1984ஆம் ஆண்டில் ஓர் உண்மை வெளிவந்தது. கோழிகளுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் நச்சுயிரி ஒன்றின் மரபணு, மேல்தோல் வளர்ச்சிக் காரணி ஏற்பியின் மரபணுவைப் பெரிதும் ஒத்திருந்தது. வெளிப்பகுதியின் பெரும்பங்கு வெட்டப்பட்ட ஏற்பி அது. காரணி வந்தாலும் வராவிட்டாலும் 'வளர், வளர்' என்று ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும். திருடன் வெளியிலிருந்து வரவில்லை. வீட்டு அழைப்புமணியே பழுதாகி விடாமல் அடிக்கிறது என்று புரிந்தது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றோர் ஏற்பியின் பெயர் ஹெர்-2. இதற்கென்று தனிக் காரணி எதுவும் அறியப்படவில்லை. இதன் கை எப்பொழுதும் நீண்டே இருக்கும். யாரோடும் கைகோக்க அணியமாக நிற்கும். மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காட்டில் இந்த ஏற்பி அளவுக்கு மீறிப் பெருகியிருக்கிறது. 1987இல் டென்னிஸ் ஸ்லேமன் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும், ஹெர்-2 மரபணு பெருகியிருந்தால் நோய் விரைந்து திரும்புகிறது என்று காட்டினார்கள். அப்படியானால் அந்த ஏற்பியை மூடினால் என்ன? அதன் நான்காம் துண்டத்தைப் பற்றிக்கொள்ளும் ஓர் எதிர்ப்பொருள் உருவாக்கப்பட்டது. டிராஸ்டூசுமாப் என்னும் அந்த மருந்துக்கு 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. தொடக்க நிலை நோயாளிகளுக்கு, வேதி மருத்துவத்தோடு இதையும் சேர்த்துக் கொடுத்தால் நோய் திரும்பி வருவது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று 2005இல் வெளிவந்த பெரிய ஆய்வுகள் காட்டின.

இதன் உடன்பிறப்புகள் பல. 2004இல் ஒப்புதல் பெற்ற செட்டுக்சிமாப், காரணி வந்து பொருந்தும் மூன்றாம் துண்டத்தையே அடைத்துக்கொள்கிறது. ஜெஃபிட்டினிப் மாத்திரை, உயிரணுவுக்குள் சென்று ஏற்பியின் உட்பகுதியை முடக்குகிறது. நுரையீரல் புற்றுநோயில் சிலருக்கு மட்டும் அது வியக்கத்தக்க வகையில் வேலை செய்தது ஏன் என்பதும் 2004இல்தான் விளங்கியது. அவர்களுடைய ஏற்பி மரபணுவிலேயே ஒரு மாற்றம் இருந்தது. ஆகவே, இன்று முதலில் மரபணுச் சோதனை. அதன் பிறகே மாத்திரை.

வளர்ச்சிக் காரணி ஆய்வு உலகுக்குத் தந்த புகழ்பெற்ற மருந்துகளில் பல, வளர்ச்சியைக் கொடுப்பவை அல்ல, தடுப்பவை! இதை மண்டபத்தில் பேசியவர் சொன்னாரா? சொல்லமாட்டார். சொன்னால் குப்பி விலைபோகாது.

என் பழைய மாணவி ஒருத்தி அண்மையில் தொலைபேசியில் அழைத்தாள். "ஐயா, அம்மாவுக்கு ஹெர்-2 என்று சொல்லி மருத்துவமனையில் ஊசி போடுகிறார்கள். அதை நிறுத்திவிட்டு வளர்ச்சிக் காரணித் தண்ணீர் குடித்தால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். குடிக்கலாமா?" என்று கேட்டாள். எனக்கு நெஞ்சு பதறியது. மருத்துவமனை அந்தத் தாயாரின் உடலில் 'வளர்' என்னும் கூச்சலை அடக்கப் போராடுகிறது. விற்பனையாளரோ அதே கூச்சலைக் குப்பியில் அடைத்து விற்க வருகிறார்! மருத்துவரிடம் காட்டாமல் எதையும் வாயில் வைக்க வேண்டா, ஊசியை ஒருநாளும் தவறவிட வேண்டா என்று சொன்னேன். நல்லவேளை, அவள் கேட்டாள். கேட்காத பிள்ளைகள் எத்தனை பேர்?

விற்பனையாளரிடம் நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் குப்பியில் வளர்ச்சிக் காரணி உண்மையிலேயே இருந்து, அஃது உடலில் வேலையும் செய்யுமானால், புற்றுநோயாளிக்கு அதைக் கொடுப்பது பெருங்கேடு. வேலை செய்யாது என்றால், அதற்குப் பணம் வாங்குவது மோசடி. இவ்விரண்டில் எது என்று நீங்களே சொல்லுங்கள். மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை.

வாய்வழி போனால் என்னாகும்?

வளர்ச்சிக் காரணிகள் புரதங்கள். மீனிலும் பருப்பிலும் உள்ளவையும் புரதங்கள்தாம். வயிற்றுக்குள் போன புரதத்தை நம் இரைப்பையும் குடலும் என்ன செய்யும் என்று பள்ளிப்பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். நொதிகள் அதைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். ஏற்பியோடு பொருந்துவதற்கு அந்தப் புரதத்தின் மடிப்பும் வடிவமும் வேண்டும். வெட்டிய பிறகு வடிவம் ஏது? சாவியை உருக்கி ஊற்றினால் பூட்டுத் திறக்குமா?

இதற்கு ஆய்வுக்கூடத்துச் சான்றே வேண்டா. நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பாருங்கள். இன்சுலினும் ஒரு புரதம்தான். அதுவும் ஏற்பியோடு பொருந்தியே வேலை செய்கிறது. அது 1921இல் கண்டுபிடிக்கப்பட்டது. நூறாண்டுகள் கடந்தும் நம் தாய்மாரும் தந்தைமாரும் ஏன் நாள்தோறும் வயிற்றில் ஊசி குத்திக்கொள்கிறார்கள்? விழுங்கினால் செரித்துவிடும் என்பதால்தான்! உலகத்து ஆய்வாளர்கள் எல்லாம் நூறாண்டுகளாக மண்டையை உடைத்துக்கொள்ளும் சிக்கலைத் தாமான் மண்டபத்தில் ஒருவர் ஆரஞ்சுச் சாற்றில் கலந்து தீர்த்துவிட்டாரா?

முகப்பூச்சுக்கும் இதே கதைதான். நலமான தோலின் மேலடுக்கு, பெரிய மூலக்கூறுகளை எளிதில் உள்ளே விடுவதில்லை. அதற்காகத்தான் தோலே இருக்கிறது. திறந்த புண்ணில் மருந்தாக இடுவது வேறு. நலமான கன்னத்தில் பூசுவது வேறு.

ஒரே உடல், மூன்று உறுப்பு

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய நலவாழ்வு ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. இந்நோய் நம் இந்தியச் சமுதாயத்தில்தான் மிகுதி என்பது நெடுங்காலமாக அறிந்த செய்தி. எனவே, ஒரு நீரிழிவு நோயாளியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

கால்: புண் ஆறுவதில்லை. இங்கே வளர்ச்சிக் காரணியைக் கொடுப்பது பயன் தரலாம். குருதித்தட்டு வளர்ச்சிக் காரணி கலந்த களிம்பு 1997இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கியூபாவில் மேல்தோல் வளர்ச்சிக் காரணியைப் புண்ணுக்குள்ளேயே ஊசியால் செலுத்தும் மருந்து 2006இல் பதிவு பெற்றது.

கண்: இங்கே நிலை நேர்மாறு! இரத்தநாள வளர்ச்சிக் காரணி மிகுந்துபோவதால் விழித்திரையின் நாளங்கள் கசிகின்றன, பார்வை மங்குகிறது. 1989இல் நாப்போலியோனே ஃபெராரா பிரித்தெடுத்துக் காட்டிய இந்தக் காரணியைப் பிடித்துக் கட்டிவைக்கும் மருந்தைத்தான் கண்ணுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள்.

சிறுநீரகம்: செங்குருதி அணுக்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபொயட்டின் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. சிறுநீரகம் கெட்டால் அதுவும் குறைந்து குருதிச்சோகை வரும். 1989 முதல் ஊசிவழி அதைக் கொடுக்கிறார்கள். இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சென்று வருகிறவர்கள் இதை அறிவார்கள்.

பார்த்தீர்களா? ஒரே மனிதர், ஒரே நோய். காலுக்குக் கொடுக்க வேண்டும். கண்ணில் தடுக்க வேண்டும். சிறுநீரகம் கெட்டவருக்கு வேறொன்றை அளந்து கொடுக்க வேண்டும். 'எல்லாவற்றுக்கும் ஒரே குப்பி' என்கிறவர் இம்மூன்றில் எதைச் செய்யப்போகிறார்?

பக்கவிளைவே இல்லையாம்!

உடலில் உள்ள பொருள் கெடுதல் செய்யாது என்பது பேதைமை. எரித்ரோபொயட்டின் வகை மருந்துகளைப் புற்றுநோயாளிகளுக்கு மிகுதியாகக் கொடுத்தபோது சிலவகைப் புற்றுநோய்களில் கட்டி வளர்ந்ததையும் ஆயுள் குறைந்ததையும் கண்டு, 2007இல் அமெரிக்க மருந்து ஆணையம் உறைமேல் கட்டமிட்ட கடும் எச்சரிக்கையை அச்சிட ஆணையிட்டது. குருதித்தட்டு வளர்ச்சிக் காரணிக் களிம்புக்கும் 2008இல் அத்தகைய எச்சரிக்கை இடப்பட்டது; பின்னர்க் கிடைத்த தரவுகளைக் கொண்டு அது நீக்கப்பட்டது. ஆனாலும், கட்டி உள்ள இடத்தில் அதைப் பூசக் கூடாது என்னும் விதி இருக்கிறது. டிராஸ்டூசுமாப் கூட இதயத்தைத் தாக்கக்கூடும். இதயத் தசை உயிரணுக்களுக்கும் ஹெர்-2 தேவைப்படுவதே காரணம். ஆகவேதான், அம்மருந்து பெறுவோருக்கு இதயச் சோதனை அவ்வப்போது செய்கிறார்கள்.

உண்மையான மருந்து தன் குற்றத்தைத் தானே உறைமேல் எழுதிக்கொண்டு வருகிறது. பொய் மருந்துக்குத்தான் குற்றமே கிடையாது.

மருத்துவர்கள் மறைக்கிறார்களா?

மறைப்பதற்கு என்ன இருக்கிறது? மேலே சொன்ன மருந்துகள் எல்லாம் மருத்துவமனைகளில் நடைமுறையில் உள்ளவை. நரம்பு வளர்ச்சிக் காரணியே கூட, கருவிழிப் புண்ணுக்கான சொட்டு மருந்தாக 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ரியோவில் ஒளிவட்டம் தோன்றி 66 ஆண்டுகள் கழித்து!

ஆனால், ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இம்மருந்துகளில் பல, ஏழை எளியோர் எட்டாத விலையில் இருந்துவந்தன. வரிசையில் காத்திருந்து களைத்தவர், காசில்லாமல் திரும்பியவர், தம் நோயைப் பற்றி ஐந்து நிமிடம் பொறுமையாகப் பேச ஒருவர் கிடைக்காதவர் ஆகியோரின் வீட்டுக் கதவைத்தான் குப்பி விற்பவர் தட்டுகிறார். அவர் உட்கார்ந்து பேசுகிறார்; தேநீர் குடிக்கிறார்; "அம்மா, கவலைப்படாதீர்கள்" என்கிறார். மருத்துவம் தரத் தவறிய ஆறுதலை அவர் காசாக்குகிறார்.

அந்தக் குறைக்கு மாற்று என்ன? உண்மை மருந்தை மலிவாக்குவதே. டிராஸ்டூசுமாப் மருந்தை உலக நலவாழ்வு அமைப்பு 2015இல் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2019இல் அதற்கு இணையான மலிவு வகை ஒன்றுக்கு முன்தகுதிச் சான்று அளித்தது. சினம் கொள்வோம், ஆனால், அந்தச் சினத்தை 'தகுதியுள்ள ஒவ்வொரு நோயாளிக்கும் இம்மருந்து கிடைக்க வேண்டும்' என்று கேட்பதில் காட்டுவோம். நம் தலைவர்களையும் இயக்கங்களையும் அதற்காகக் குரல் கொடுக்கச் சொல்வோம். அந்தப் பணத்தைக் குப்பிக்குக் கொட்டிவிட்டால் கேட்கும் வாயும் அடைபட்டுப் போகும்.

அடுத்த முறை கேளுங்கள்

மண்டபத்துக்குப் போவதைத் தடுக்க முடியாது. போனால் எழுந்து நின்று இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. இதில் உள்ள வளர்ச்சிக் காரணியின் பெயர் என்ன? எந்த ஏற்பியோடு பொருந்தும்?
2. விழுங்கினால் வயிற்றில் செரிக்காமல் எப்படித் தப்பும்?
3. யார் யார் இதை உட்கொள்ளக் கூடாது? ('யாரும் உட்கொள்ளலாம்' என்றால் அப்பொழுதே வெளியேறிவிடுங்கள்.)
4. மருந்து என்றால் 'மால்' பதிவெண் எங்கே? அந்த எண்ணின் இறுதியில் உள்ள எழுத்து என்ன?
5. புற்றுநோயையும் நீரிழிவையும் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய உங்களுக்கு உரிமை உண்டா?

நான்காவதற்கு ஒரு விளக்கம். பதிவெண்ணின் இறுதியில் 'டி' என்றிருந்தால் அது மரபுவழிப் பொருள். 'என்' என்றிருந்தால் நலத் துணையுணவு. அத்தகைய பதிவு, பொருளின் பாதுகாப்பையும் தரத்தையும் பார்த்து அளிக்கப்படுவது. நோயைத் தீர்க்கும் என்பதற்கான சான்றிதழ் அன்று. ஐந்தாவதற்கும் சொல்லிவிடுகிறேன். 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், புற்றுநோய், நீரிழிவு, சிறுநீரக நோய், இதய நோய் முதலியவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. நம் வீட்டு வரவேற்பறையில் நடப்பது எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். உயிரணு, புரதம், செரிமானம் ஆகியவற்றைத் தேர்வுக்காக மட்டும் நடத்திவிட்டுப் போகாதீர்கள். வகுப்பில் செரிமானம் படித்த பிள்ளை, மாலையில் வீட்டுக்குப் போய், "அப்பா, புரதத்தைக் குடித்தால் அது வயிற்றிலேயே செரித்துவிடுமே!" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காக்கும். சில வேளைகளில் உயிரையும் காக்கும்.

காலில் புண் ஆறவில்லையா? இன்றே கிளினிக்குக்குப் போங்கள். கண் மங்குகிறதா? நாள் கடத்தாதீர்கள். மருத்துவர் கொடுத்ததை நிறுத்த வேண்டுமென்று யாரேனும் சொன்னால், அவர் உறவினரே ஆனாலும், வாசலைக் காட்டுங்கள்.

சிந்திப்போம்! கேள்வி கேட்போம்!